சிவப்புத் துணி கட்டிய முளை

சாமிக்கண்ணுவின் வலது கை இப்போது முழுதாக மடங்காது. பல பேருடைய மூக்குக்கு அது நல்லது என்றுதான் நான் சொல்லுவேன். அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே இடது கையைத் தூக்கிக் காட்டினான். திருந்துகிற ஜென்மமா அது?

நான் காந்திமதி. நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கிற ஹாம் ரேடியோ கிளப்புக்குச் செயலாளர். புயலிலும் வெள்ளத்திலும் கரண்டு போய், போன் டவரும் படுத்துவிட்டால் செய்தி அனுப்ப ஒரு வழி வேண்டுமே, அதற்காக அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, செட்டு வைத்துப் பேசுகிற ஆட்கள் நாங்கள். சம்பளம் கிடையாது, பாராட்டும் கிடையாது. தானே புயல் அடித்தபோது என் வீட்டுக்காரர் மைன்ஸில் ஷிப்டில் இருந்தார். ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று கேட்க நாதியில்லாமல் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றேன். அந்தக் கோபத்தில்தான் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். கோபம் வந்தால் நான் வாயைத் திறப்பேன், இல்லை ஏதாவது ஒரு வேலையில் இறங்கிவிடுவேன். சாமிக்கண்ணுவுக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் போகும். பேச்செல்லாம் அப்புறம்.

அவன் கம்மாபுரம் பக்கத்து ஆள். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டிக் கிடக்கிற மண்ணை வாரிப் போடவேண்டும். ஒரு சூப்பர்வைசர் அவனுடைய அப்பன் பெயரை இழுத்து ஏதோ சொல்லிவிட்டார். கையில் இருந்த டிபன் பாக்ஸாலேயே ஒன்று விட்டான், மனிதருக்கு முன்பல் இரண்டும் சோற்றோடு கீழே விழுந்தன. நெல்லிக்குப்பம் பஸ்ஸில் ஒரு பெண்ணை உரசிக்கொண்டு நின்றவனைப் படிக்கட்டிலிருந்து காலால் உதைத்து ரோட்டில் தள்ளினான். அதைக்கூட நான் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் டீயில் சர்க்கரை குறைவு என்பதற்காக டீக்கடைக்காரர் மேல் பாய்லரைச் சாய்க்கப் போனானே, அதற்கு என்ன சொல்வது? கல்யாணம் ஒன்று செய்துகொண்டான். அந்தப் பெண் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவேயில்லை. அவள் செய்ததுதான் சரி.

கிளப்பிலும் கதை அதுதான். எங்கள் மெம்பர் பாலகுமார், பாவம், பூனை மாதிரி ஆள். ஆன்டெனா கேபிளை அவர் முறுக்கிச் சுருட்டினார் என்று கன்னத்தில் அறைந்துவிட்டான். எனக்கு வந்ததே ஆத்திரம்! எழுந்து போய் அவன் கன்னத்தில் நான் ஒன்று வைத்தேன். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "நீங்க அடிக்கலாம், செக்ரட்டரியம்மா," என்று சொல்லிவிட்டு பாலகுமாரிடம் மன்னிப்புக் கேட்டான்.

அப்படிப்பட்டவனை ஏன் கட்டிக்கொண்டு அழுதீர்கள் என்று கேட்பீர்கள். அவன் ஏறுவான். எங்கள் ஆன்டெனா தண்ணீர்த் தொட்டி உச்சியில் இருக்கிறது. புயல் காற்று இன்னும் அடங்காமல் ஊளையிடும்போது அந்த ஏணியில் ஏறி, சாய்ந்த கம்பத்தை மார்போடு அணைத்துக் கட்டிவிட்டு இறங்குகிற ஆள் எங்களில் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் கீழே நின்று ஜாக்கிரதை ஜாக்கிரதை என்று கத்துவதோடு சரி. லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றான். பேனாவை மேசையில் குத்தி உடைத்துவிட்டு மறுபடியும் எழுதித் தேறினான்.

இவ்வளவு முரடனுக்கு ஒரே ஒரு ஆளிடம் பயம். அவனுடைய அக்கா மாணிக்கம்மாள்.

இவர்களுடைய அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். உடம்பு ஓய்ந்த காலத்தில்தான் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கினார். அவர் போனபிறகு அது அக்கா, தம்பி இருவர் பெயருக்கும் கூட்டுப் பட்டாவாக வந்தது. சுரங்கத்துக்கு நிலம் எடுக்க வந்தபோது அக்கா தரமாட்டேன் என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். இவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்த் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஒரு பக்கம் போனால் மறுபக்கம் எங்கே நிற்கும்? எல்லாம் போயிற்று. அந்தக் கையெழுத்தில் வந்ததுதான் அவனுடைய கான்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆகும் என்று நம்பினான். ஆகவில்லை.

பிறகு மாணிக்கம்மாளின் மகள் இளவேனிலுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் பக்கம் அது நடக்குமா? மேளம் வைத்து, புடவை, பழம், பூ என்று தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு போனான். வாசலுக்கு வந்தாள் அக்கா. பித்தளைத் தட்டு ஒன்றை வாங்கினாள். வாங்கிய வேகத்திலேயே அவன் நெற்றியில் வீசி அடித்தாள். புருவம் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். எனக்குத் தம்பி என்று எவனும் கிடையாது, என் மகளுக்கு மாமனும் கிடையாது என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மாமன் உட்காரவேண்டிய இடத்தில் யாரோ தூரத்துச் சொந்தக்காரனை உட்கார வைத்தார்கள். சாமிக்கண்ணு அவளைப் பார்த்துக் கையையும் ஓங்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. திரும்பி வருகிற வழியில் மேளக்காரர் ஆறுதலாக ஏதோ சொல்லப் போக, அந்த மனுஷனுக்கு விழுந்தது அடி.

அதிலிருந்து வருஷக்கணக்காக அவள் இவனைப் பற்றிப் பேசவேண்டி வந்தால் 'அந்த மைன்ஸ்காரன்' என்பாள். பெயர்கூடச் சொல்லமாட்டாள். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தவன், நான் கேட்காமலேயே சொன்னான். "அடிக்கட்டும் செக்ரட்டரியம்மா, எவ்ளோ வேணா அடிக்கட்டும். தம்பின்னு ஒரு வாட்டி சொல்லிட்டு அடிக்கட்டும்." அவனுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சொல்லும்போது கண் கலங்கியது. அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் பக்கத்தில் படுத்திருந்த நாயைக் கல்லால் அடித்தான்.

கடைசியாக வந்த பெருவெள்ளத்தில் எங்கள் கிளப்பின் மானம் கப்பலேறியது. பழைய செட்டு, பழைய பேட்டரி. மழை வலுத்த அன்றே பேட்டரி இறங்கிவிட்டது. ஊர் ஊராகத் தண்ணீர் சூழ்ந்து நிற்க, நாங்கள் செத்த செட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அவமானத்தில் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம். புது செட்டு, லித்தியம் பேட்டரி, சோலார் பலகை எல்லாம் வந்தன. மீதிப் பணத்தில் டவுன்ஷிப்பிலேயே இன்னும் பெரிய செட்டு வாங்கலாம் என்றார்கள் பெரியவர்கள். சாமிக்கண்ணு மேசையை ஓங்கிக் குத்தினான். குவார்ட்டர்ஸிலா தண்ணி வருது, தண்ணி வருகிற ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு மாஸ்ட் வேண்டாமா என்று கத்தினான். மாஸ்ட் என்றால் ஒன்றுக்குள் ஒன்று செருகி உயர்த்துகிற அலுமினியக் கம்பம். அதன் தலையில் ஆன்டெனாவை வைத்து நிமிர்த்தினால்தான் அவ்வளவு தூரத்துக் கிராமத்திலிருந்து பேசுவது நெய்வேலிக்குக் கேட்கும். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மேசைக்கும் பயந்தோம், வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்ட் வாங்கினோம்.

எங்கே கொண்டுபோய் முதலில் சோதித்துப் பார்ப்பது என்று கேட்டால், அவன் அக்கா வாக்கப்பட்ட ஊர்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான். பள்ளத்தில் இருக்கிற ஊர், வெள்ளத்தில் முதலில் மாட்டுவது அதுதான் என்றான். உண்மைதான். உண்மையான காரணம் வேறு என்று எனக்குத் தெரியாதா? அவள் வாசலுக்கு எதிரே இருக்கிற களத்தில், அவள் ஊரைக் காப்பாற்றுகிற கம்பத்தைத் தன் கையால் நட்டுக் காட்டவேண்டும். போய்த் தொலையட்டும், இதனால் இரண்டு பேரும் பேசிக்கொண்டால் சரி என்று நானும் தலையாட்டினேன். ஊர் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அந்த வழியாகத்தான் நான் இன்னும் போய் வரவேண்டும்.

மாதாந்திர மின்தடை நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். கரண்டு போனால் அந்த ஊர் டவரும் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடும், வெள்ள நாள் மாதிரியே இருக்கும். பஞ்சாயத்துத் தலைவரிடம் போனில் சொல்லியாயிற்று. சரிங்க, தாராளமா வாங்க என்றவர் ஊரில் ஒருத்தரிடமும் சொல்லாமல் விருத்தாசலத்தில் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

பாலகுமாரின் ஆம்னி வேனில் மூன்று பேரும் போய் இறங்கினோம். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள், கேட்டுவிட்டு எங்களைக் காறித் துப்புங்கள். மாஸ்ட் நிற்பதற்கு நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டவேண்டும். கயிறு கட்ட நான்கு இரும்பு முளை அடிக்கவேண்டும். யாரும் தடுக்கி விழக்கூடாது என்று ஒவ்வொரு முளையிலும் சிவப்புத் துணி கட்டுவது எங்கள் பழக்கம். பாலகுமார் டேப்பைப் பிடித்து அளந்து அளந்து இடம் காட்டினார். நான் ஒரு ஓரமாக நின்று அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைப் போனில் பார்த்துப் பெரிய குரலில் வாசித்துக் குறித்துக்கொண்டேன். சாமிக்கண்ணு சம்மட்டியால் முளை அடித்தான். நிலம் எடுக்க அளப்பவர்கள் வந்தால் எப்படி வருவார்கள்? இப்படித்தான் வருவார்கள். இதே டேப், இதே சிவப்புத் துணி. பத்து வருஷமாக அதற்காகவே ராத்தூக்கம் கெட்டுக் கிடக்கிற ஊருக்குள் அதே வேஷம் கட்டிக்கொண்டு போய் நின்றோம். எனக்குத்தான் புத்தியில்லை, நான் குவார்ட்டர்ஸ்காரி. நிலத்தைப் பறிகொடுத்த சாமிக்கண்ணுவுக்குமா தோன்றவில்லை? தோன்றவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவன் கண் அக்கா வீட்டுக் கதவைத்தான் பார்த்தது.

முளைகளில் கயிற்றை இறுக்கி மாஸ்டை நிமிர்த்திவிட்டு, செட்டுப் பெட்டியைத் திறந்து கேபிளை மாட்டினேன். அப்போதுதான் முதல் கல் வந்தது. வேன் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. திரும்பினால் களம் முழுக்க ஆட்கள். கையில் கழி, மண்வெட்டி, விறகுக்கட்டை. முன்னால் வந்தவர் அய்யாசாமி, மாணிக்கம்மாளுடைய புருஷனுக்குப் பங்காளி. எவன் சொல்லி முளை அடிக்கிறீர்கள் என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது. ரேடியோங்க என்று பாலகுமார் சொல்லி முடிப்பதற்குள் அவர் வயிற்றில் ஒரு உதை. மனுஷன் மடங்கி விழுந்து வாந்தி எடுத்தார். என் போனைப் பிடுங்கிக் கல்லில் அடித்தார்கள். ஒருத்தி என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள், அவள் கையை நான் கடித்தேன். விடுவேனா? நன்றாகக் கடித்தேன். இன்னொருத்தி முதுகில் விறகுக்கட்டையால் போட்டாள். வேன் சாவியைக் குட்டையில் எறிந்தார்கள், டயரைக் குத்தினார்கள். கயிறுகளை அவிழ்த்துவிட்டு முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். மாஸ்ட் அப்படியே சரிந்து மண்ணில் விழுந்தது.

சாமிக்கண்ணுவைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். அவன் கை பற்றி அந்தப் பக்கம் தெரியாதவர் யார்? கையில் சம்மட்டி வேறு. முதலில் பாய்ந்த ஒருவனைத் தோளால் இடித்துத் தள்ளினான். அடுத்தவனுக்குக் கை ஓங்கினான். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாணிக்கம்மாள் வந்தாள்.

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. சம்மட்டியைக் கீழே போட்டான். யாரோ பின்னாலிருந்து முதுகில் கழியால் வெளுத்தார்கள், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் தரையில் கிடந்த சம்மட்டியை இரண்டு கையாலும் எடுத்தாள். "இந்தக் கையாலதான கையெழுத்துப் போட்ட? அதே கையால என் வூட்டு வாசல்ல வந்து முள அடிக்கிறியா?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவன் வலது முழங்கைக்குக் கீழே அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூட்டே இல்லாத இடத்தில் கை மடங்கித் தொங்கியது. அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். இடது கையைத் தூக்கி அடியைத் தடுக்கக்கூட இல்லை. அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அவள் மறுபடி ஓங்கவில்லை. சண்டைக்காரத் தம்பி எதிர்த்து அடிப்பான் என்று நினைத்துத்தான் வந்திருப்பாள். இப்படி உட்கார்ந்தவனை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். அந்த நேரத்தில் அய்யாசாமி, பிடுங்கிய இரும்பு முளையால் பின்னாலிருந்து அவன் தலையில் போட்டார். ரத்தம் பீறிட்டு அவள் புடவையில் தெறித்தது. சாமிக்கண்ணு முகம் குப்புற மண்ணில் விழுந்தான்.

அடுத்து நடந்தது கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. சம்மட்டியின் பிடியால் அவள் அய்யாசாமியின் தோள்பட்டையில் ஒரு இடி இடித்தாள். மனிதர் முளையைப் போட்டுவிட்டு அலறினார். "அடிக்கறதுன்னா நான் அடிப்பேன். நீ யார்ரா?" என்று கேட்டுவிட்டு, தம்பியின் இரு பக்கமும் கால் ஊன்றி நின்றாள். கிட்டே வந்தவன் முழங்காலைக் குறிவைத்துச் சம்மட்டியை வீசினாள். ஒருவரும் அதற்குமேல் நெருங்கவில்லை.

எனக்கு அப்போதுதான் வாய் திரும்பி வந்தது. என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுத முடியாது. மடையர்களா, இது நிலம் அளக்கிற கருவியா, வெள்ளத்தில் உங்கள் உயிரைக் காப்பாற்ற வந்த ரேடியோடா என்று கத்தினேன். பெட்டியைத் தூக்கி அவர்கள் முகத்துக்கு நேரே காட்டினேன். அதையும் யாரோ மிதித்திருந்தார்கள், நல்லவேளை புதுப் பெட்டி தாங்கிக்கொண்டது. இளவேனில் ஓடிவந்து மாமன் தலையைத் திருப்பி மடியில் வைத்து, துப்பட்டாவைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினாள். துணி உடனே நனைந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று யாரோ சொன்னார்கள். டவர் செத்துக் கிடக்கிறது, எந்தப் போனில் கூப்பிடுவது? வேனையும் உடைத்தாயிற்று. மண்டை பிளந்தவனை பைக்கில் நடுவில் வைத்துக் கொண்டுபோகலாம் என்றார் ஒரு புத்திசாலி. பைக்கில் ஆள் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும் என்றார் இன்னொருவர். அந்த ரத்தம் போகிற போக்கில் அதற்கெல்லாம் நேரமில்லை.

"மொளயப் புடுங்கனீங்க இல்ல? இப்ப நீங்களே மொளையா நில்லுங்க," என்றேன்.

புரிந்துகொண்டவள் மாணிக்கம்மாள்தான். விழுந்து கிடந்த மாஸ்டை அவளே போய்த் தூக்கினாள். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான்கு மூலைக்கும் விரட்டினாள். ஆளுக்கொரு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றார்கள். நான்காவது கயிற்றுக்கு அய்யாசாமியைக் கைகாட்டினாள். அவர் அடிபட்ட தோளைத் தொங்கவிட்டு நல்ல கையால் பிடித்துக்கொண்டார். நடுவில் கம்பத்தை மார்போடு அணைத்து அவள் நின்றாள். ஆன்டெனா கொஞ்சம் கோணியிருந்தாலும் மேலே போய் நின்றது. பாலகுமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்து கேபிளைச் சரியாக மாட்டினார்.

டவுன்ஷிப்பில் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சிவப்பிரகாசம் சார். ரிட்டையர்டு ஆள், ஒழுங்குமுறை பைத்தியம். அவசரச் செய்தி என்று நான் கத்தியதும் அவர் குரல் ஒரு துளி மாறவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். இடம் சொன்னேன். பெயர் சொன்னேன். வயது, காயம் எல்லாம் சொன்னேன். மறுகையில் இருந்த போனில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொண்டே வந்து கேட்டார், நோயாளியுடன் கூட வருபவர் யார்?

மாணிக்கம்மாள் என்றேன்.

"உறவு?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. மைக்கை நீட்டி, கம்பத்தைக் கட்டிப் பிடித்திருந்தவள் வாய்க்கு நேராக வைத்து பட்டனை அழுத்தினேன். கை எடுக்கவும் முடியாது, நகரவும் முடியாது அவளால். நகர்ந்தால் கம்பம் விழும். ஊரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தது.

"அக்கா," என்றாள். கம்பத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "கூடப் பொறந்தவ. அவன் என் தம்பி. அடிச்சது யாருன்னு கேட்டா அதுவும் நான்தான்னு எழுதிக்கச் சொல்லு."

பட்டனை விட்டேன். எந்தச் செய்தியையும் வாங்கிக்கொண்டவர் திரும்ப வாசித்துக் காட்டி, சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளவேண்டும். எங்கள் வழக்கம் அது. சிவப்பிரகாசம் சார் தலை போகிற அவசரத்திலும் அதை விடமாட்டார். வண்டி கிளம்பிவிட்டது என்று சொல்லிவிட்டு, நிறுத்தி நிதானமாக வாசித்தார். இடம், பெயர், வயது, தலையிலும் வலது கையிலும் காயம். கூட வருபவர் மாணிக்கம்மாள். உறவு அக்கா. சரியா என்று கேட்டார்.

கீழே, இளவேனில் மடியில் கண்ணை மூடிக் கிடந்தவன் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"சரின்னு சொல்லுங்க, செக்ரட்டரியம்மா," என்றான்.

சொன்னேன்.